இரண்டு கிலோ எழுநூறு

வீபே,
நீ விட்டுப்போன எஃகுத் தகட்டை
மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன்.
இரண்டு கிலோ எழுநூறு.
"செதிலே இல்லையே, எந்தக் கடல் மீன் இது?"
என்றார் மீன்காரர் உபால்டோ.
குளிர்கடல் மீன் என்றேன்.

உன் தண்ணீரைப் படத்தில் பார்த்திருக்கிறேன்.
ஸீலாந்தில் மார்ச் மாதம், ஆறு டிகிரி,
தேயிலை வடிகட்டிய நிறம்.
கம்பளி உள்ளாடை இரண்டு, அதன்மேல் உலர்உடை,
உப்பிய தவளையாய் நீ.
அந்த உப்பலைக் கீழே இறக்க
இரும்பும் வேண்டும், ஈயமும் வேண்டும்,
கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.
மூன்றும் உன்னிடம் இருந்தன.

இங்கே பொனேரில்
தண்ணீர் இருபத்தெட்டு.
நான் உடுத்துவது பனியன் தடிமனில் ஒரு துணி.
என்னை மேலே இழுப்பது
என் மூச்சும் கொஞ்சம் இடுப்புச் சதையும்தான்.

"தகட்டை மாட்டிக்கொள், ஈயமே வேண்டாம்,
பெல்ட் இல்லாத இடுப்பு எவ்வளவு சுகம் தெரியுமா"
என்று எழுதியிருந்தாய்.
ஆசையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை,
மஞ்சள் கல்லில் பெயர் அழிந்துபோன அந்தத் துறையில்
உர்செலினும் நானும் இறங்கினோம்.
(சுங்கத்தில் வேலை. ஊரார் பெட்டியையெல்லாம் நிறுப்பவள்,
தன் எடையை மட்டும் சொல்லமாட்டாள்.)
பன்னிரண்டு மீட்டரில்
மிதவைப் பையைக் கடைசிக் குமிழிவரை காலி செய்தேன்.
பை கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.
இப்போது நீந்து.

நீந்தினேன்.
தொடையில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல்.
ஒரு கிளிமீன் பவளத்தைக் கடித்தபடி
கறுக் கறுக்கென்று
என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.
நாலு மீட்டர் ஏறினேன். ஐந்தாவதை வாங்க முடியவில்லை.
உர்செலின் பலகையில் எழுதிக் காட்டினாள்:
எதையாவது கழற்றிப் போடு.

எதை?
எல்லாம் முதுகில், திருகாணி போட்டு.
கழற்றினால் காற்றும் சேர்ந்தே போகும்.

காற்றுக்கு எடை உண்டு, தெரியும்தானே.
நிறைந்த சிலிண்டருக்குள் இரண்டு கிலோவுக்கு மேல்.
அதைத்தான் ஒரு மணி நேரம்
கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறோம்.
முழுகும்போது கனமாய் இருந்த அலுமினியச் சிலிண்டர்
கரைக்குத் திரும்பும்போது
மேலே போகலாம் என்று முதுகில் நச்சரிக்கும்.
அதனால் கணக்கைக் கடைசியில் பார்க்க வேண்டும்:
ஐந்து மீட்டர், ஐம்பது பார்,
பையில் காற்றில்லை, நெஞ்சில் பாதி மூச்சு.
அங்கே நின்றால் சரி.

அலுமினியத் தகடு ஒன்று வாங்கினேன், பழசு.
எண்ணூறு கிராம். யாரோ "கே. எம்." என்று
ஆணியால் கீறியிருக்கிறார்கள்.
கூடவே ஒரு பெல்ட், ஒரு கிலோ ஈயம் இரண்டு.
கூட்டிப்பார், உன் எஃகுக்கு
நூறு கிராம் அதிகம்தான், சிரிக்காதே.
ஆனால் அதில் இரண்டு கிலோ
என் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது,
ஒரு கொக்கியைத் தட்டினால் போதும்.

இதை நமக்குப் பொருத்திப் பார்க்காதே.
நீ அப்படிச் செய்கிற ஆள்.
நான் எழுதுவது தகட்டைப் பற்றி.

நேற்று உப்புத் துறைமுகத் தூண்களுக்கு நடுவே
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்.
இழுத்தால் ஒரு சாண் மேலே,
விட்டால் ஒரு சாண் கீழே,
கை கால் எதுவும் அசையவில்லை.
உர்செலின் கைதட்டினாள்,
தண்ணீருக்குள் அது கேட்கவில்லை.

உன் தகட்டைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன்.
தபால் செலவு தகட்டின் விலையைத் தாண்டுகிறது.
விற்கவும் பார்த்தேன்,
இந்தத் தீவில் யாருக்கும் குளிரவில்லை.

பின்வாசல் படலில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.
முன்பெல்லாம் காற்றடித்தால் படல் திறந்துகொள்ளும்,
தெருக்கழுதைகள் வந்து பப்பாளிக் கன்றை மேய்ந்துவிடும்.
இன்று விடியற்காலை ஒன்று முட்டிப் பார்த்தது.
டங்கென்று ஒரு சத்தம்.
பிறகு குளம்படி,
சாவகாசமாக, அடுத்த வீட்டுப் பக்கம்.