இதர செலவுகள்

நுவரெலியா, ஜனவரி மூன்றாம் கிழமை.
ஹோட்டல் மாடியில் ஒரேயொரு ஹீட்டர்,
அதைச் சுற்றிப் பாராளுமன்றம்.
சர்வதேச வர்த்தகம், முதலீடு பற்றிய குழு
தன் பன்னிரண்டு மாதங்களை
மேசைமேல் விரித்திருக்கிறது.

நான் உதவிச் செயலாளர்.
கட்டம் போடுவது என் உத்தியோகம்.
மாதத்துக்கொரு கட்டம், கட்டத்துக்கொரு விடயம்,
சாட்சிக்கு இருபது நிமிடம்.

பெப்ரவரி: சுங்க வரி.
மார்ச்: கைச்சாத்திட்ட பிறகு
யாரும் முழுதாய் வாசிக்காத ஒப்பந்தம்.
(உறுப்பினர் நஸ்லியா வாசித்திருந்தார்.
நூற்றுப் பதினோராம் பக்கத்தில்
மஞ்சள் துண்டொன்றை ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.
அது என்ன பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.)
ஏப்ரல்: இந்த ஊரில் குதிரைப் பந்தயம்,
அறை கிடைக்காது. வெறுங்கட்டம்.
மே: முதலீட்டாளர் தகராறுகள்,
கடல் கடந்த நகரங்களில் நடுவர் மன்றங்கள்.

“ஏற்றுமதி எங்கே தொடங்குகிறது என்று
ஒரு நாளாவது போய்ப் பார்க்க வேண்டாமா?”
தலைவர் விஜேகோன் சிங்களத்தில் கேட்டார்.
யன்னலுக்கு வெளியே பனி.
பனிக்குப் பின்னால், ஏழரைப் பெரட்டு முடிந்து
அது தொடங்கி இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

ஜூன் என்று எழுதினேன்.
பத்தரைக்கு ஸ்டோர். பதினொன்றேகாலுக்குக் கொழுந்து மலை.
சாட்சிகள் இருவர். பிறகு பகல் உணவு.
‘சாட்சியின் பெயர்’ என்ற நிரல் காலியாய் இருந்தது.
தேநீர் இடைவேளையில் தோட்டத்துக்குக் கோல் எடுத்தேன்.
மாதர் சங்கத் தலைவி தனபாக்கியம்
இரைச்சலுக்கு மேலே கத்தினார்:

“வாறோங்க, பேசுறோங்க.
அன்னைக்குப் பேரு யாரு போடுவா?”

மலையில் பேர் என்றால் பெயரல்ல,
ஒரு நாள் சம்பளம்.
தராசில் கிலோ குறைந்தால் அரைப்பேர்.
மழை நாளில் ஈரத்துக்கென்று
நிறுவையில் இரண்டு கிலோ வெட்டு.
இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
என் சேவைக் கோப்பில் பிறந்த இடம்
ஒரு டிவிஷனும் லயம் நம்பருமாய் நிற்கிறது.
தெரிந்துகொண்டுதான்
கட்டம் போட்டிருந்தேன்.

செலவுத் தலைப்புகளைப் புரட்டினோம்.
போக்குவரத்து உண்டு.
காணொளியில் மட்டும் வரப்போகும் நிபுணருக்கு
மணிக்கணக்கில் கொடுப்பனவு உண்டு.
சிற்றுண்டிக்குத் தனிக் குறியீடே உண்டு.
பேருக்குத் தலைப்பில்லை.

“ரெண்டு பேருடைய ஒரு நாள் கூலிதானே,
நானே தருகிறேன்.”
பின்வரிசையில் ஒருவர் பணப்பையைத் தொட்டார்.
நஸ்லியா நிமிர்ந்தார்:
“நீங்கள் தந்தால் தர்மம்.
குழு தந்தால் கணக்கு.”

பணப்பை உள்ளே போனது.
அந்த நேரம் பார்த்து கரண்டும் போனது.
ஜெனரேட்டர் முனகி எழும்பும்வரை
இருட்டில் யாரோ
கரைந்துவிட்ட சீனியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

வெளிச்சம் வந்ததும் தலைவர் சொன்னார்:
“இதர என்பதற்குள் போடும்.”

போட்டேன்.
இதர செலவுகள், உபபிரிவு ஈ:
சாட்சிகள் இருவர், முழுப்பேர் இரண்டு.
மொழிபெயர்ப்புப் பிரிவு அதைப் பின்னேரமே
‘முழுப்பெயர்கள் இரண்டு’ என்று மாற்றி அனுப்பியது.
திரும்ப அனுப்பினேன். திரும்ப வந்தது.
விட்டுவிட்டேன்.
கணக்காய்வாளர் கேட்பார், கேட்கட்டும்.

இரவு தனபாக்கியத்துக்குச் சொன்னேன்.
“ஜூன்ல நல்ல மழையா இருக்குமே” என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

அறைக்கு வந்து இறுதிப் பிரதியைப் பார்த்தேன்.
பகல் உணவு பிந்தாமலிருக்க
சாட்சிக்கு இருபது நிமிடம் என்பதை
யாரோ பென்சிலால்
பதினெட்டாய் வெட்டியிருந்தார்கள்.

அழிறப்பரைத் தேடினேன்.