பதின்மூன்றாவது கை

தம்பி யதுகுலன் ஸ்காபரோவிலிருந்து எடுக்கும்போது
அங்கே இரவு எட்டு,
இங்கே மல்லாவியில் கேத்தல் கொதிக்கும் நேரம்.
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதைக்கிறான்.
அக்கா, எங்கட ஆட்களுக்கு
அரைவாசிக்குக் கொஞ்சம் கதிரை குறைவு,
சிறுபான்மை அரசாங்கம்.
திங்கள் விழுந்தால் திரும்பத் தேர்தல்,
இந்தப் பனிக்குள்ள ஆர் கதவு தட்டுறது?

சிறுபான்மை. அரசாங்கம்.
இரண்டு சொல்லையும் ஒரு வாயில்
ஒன்றாகக் கேட்டது இன்றுதான்.
எங்களுக்கு முதலாவது
படிவத்தில் நிரப்புவது.
இரண்டாவது
மாங்குளத்தால் திரும்பி ஏழு வாகனத்தில் வந்து
நாடா வெட்டிப் போவது.

எங்கள் சபையில் பதின்மூன்று பேர்.
ஆறு இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம்.
பெண்கள் தொகை நிரம்பவில்லை என்று
தேர்தல் அலுவலகம் சொன்ன மாலை
சின்னக் கட்சியொன்று
பட்டியலின் அடியில் தேடிப்பிடித்த பெயர் நான்.
கை தூக்கினால் போதும் தங்கச்சி என்றார்கள்.
எதற்கு என்று சொல்லவில்லை.
முதல்நாள் நான் தூக்கவேயில்லை.
பிஸ்கட் பேணிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி
புவிராசசிங்கம் தவிசாளரானார்.

பாதீட்டுக்கு ஒரு கிழமை இருக்க
என் படலை மூடவேயில்லை.
அமலதாஸ் மாஸ்டர்
உப தவிசாளர் பதவியைக் கொண்டுவந்தார்.
எதிர்ப்பக்கத்து நிரோஷன்
ஒரு பெட்டி அப்பிளும்
மாவட்டத் தலைவர் இருக்கும் தொலைபேசியும்.
ஒருவரும் குடிக்கத் தண்ணி கேட்கவில்லை.
எங்கள் வட்டாரத்துக் கிணறுகளை
கேத்தலின் அடியில் படியும் வெள்ளையை
கிளினிக்கில் நீளும் வரிசையை
அவர்களுக்குத் தெரியும்.

யதுகுலன் சொன்னான்:
இங்க ஒரு சின்னக் கட்சி
இரண்டரை வருஷம் ஆட்சியைத் தாங்கிப் பிடிச்சது.
என்னத்துக்கு எண்டு நினைக்கிறாய்?
பல்லுக்கு. காசில்லாத சனத்தின்ர பல்லுக்கு.
பிறகு அந்தக் கட்சிக்கு என்ன நடந்தது, கேட்டேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கதிரை போட்டுது அக்கா. பல்லு இருக்கு.

என் பல் எது?
எழுபத்தொரு பக்கப் பாதீட்டை
மண்ணெண்ணெய் மணக்கும் மேசையில் விரித்தேன்.
வரவேற்பு மாலைக்கு ஒரு வரி.
தவிசாளரின் கதிரைக்குப் புதுத் துணி, ஒரு வரி.
குடிதண்ணீர் என்ற சொல்லை
விரலால் தேடிக் களைத்தேன்.

முதல் வாக்கெடுப்பில்
நிரோஷனின் ஆட்களோடு தூக்கினேன்.
ஏழுக்கு ஆறு. தோற்றது.
அவர்கள் மேசையில் தட்டிய தட்டில்
என் கொப்பி விழுந்தது, ஒருவரும் எடுத்துத் தரவில்லை.

ஒன்பதாம் நாள் புவிராசசிங்கம் தனியே வந்தார்,
மோட்டார்சைக்கிளை மதகடியில் விட்டுவிட்டு.
தண்ணி தாரும் என்றார்.
கொடுத்தேன், காய்ச்சாததை.
முகம் சுளிக்காமல் இருக்கப் பார்த்தார்,
முடியவில்லை.
பேனையைத் திறந்தார்.
ஐயாயிரம் லீற்றர் பவுசர் ஒன்று, எழுதினார்,
எங்கள் வட்டாரத்துக்கு என்பதையும்
நான் பார்த்திருக்க எழுதினார்.

இரண்டாம் முறை ஏழு அவருக்கு.
நிரோஷன் எழும்பி ஒரு சொல் சொன்னான்.
முன்பு இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு
ஒரு மின்கம்பம் வேண்டியிருந்தது.
இப்போது முகநூல் போதும்.
இரவு நூற்று நாற்பது பேர் பகிர்ந்திருந்தார்கள்,
அதில் பாதிப்பேர் ஸ்காபரோவில்.

பங்குனியில் பவுசர் வந்தது,
தவிசாளரின் பெயர் இரண்டு பக்கமும் நீலத்தில்.
விரல்மடக்கால் தட்டினேன்.
வெறும் சத்தம்.
சாரதி திறப்பை நீட்டிச் சொன்னான்:
டீசலுக்கு வரி இல்லையாம் அக்கா,
அடுத்த பாதீட்டில்தான் பார்க்கவேணுமாம்.

யதுகுலனுக்கு எடுத்தேன்.
அங்கேயும் விழவில்லையாம், சந்தோஷமாய் இருந்தான்.
அதை விடு, என்றேன்,
அந்தப் பல்லுக்காரர் ஒப்பந்தம் எழுதேக்க
ஊசிக் காசையும் சேர்த்தே எழுதினவையோ?