முதல் ஸ்கேனிலிருந்து

நாற்பத்தெட்டு மணி நேரம் என்பது
இரண்டு நாள் அல்ல.
இதை ஒரு மாலையில் முப்பது பேருக்குச் சொல்கிறேன்,
அஸ்தம்பட்டியில், மூன்றாவது மாடியில்,
கீழே தட்டுவடை செட் கடைக்காரர்
பீட்ரூட் துருவும் நேரத்தில்.

அந்த ஐரோப்பிய நகரம் எனக்கு மனப்பாடம்.
இரண்டாம் எண் டிராம் எந்தப் பாலத்தருகே திரும்பும்,
கோட்டையில் எந்த வாசலில் வரிசை குறைவு,
திங்கட்கிழமை எந்த அருங்காட்சியகம் பூட்டு,
சுற்றுலா அட்டையைக் காட்டினால்
எது இலவசம், எதற்குப் பாதி.
என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது.

அன்று அழைத்தவர் மோரின். அயர்லாந்துக்காரர்.
மோர் இன்னும் கொஞ்சம் என்று
பெயரை மனதில் முடிந்துகொண்டேன்.
பழைய மணிக்கோபுரத்தின் வாசலில் நிற்கிறார்.
கணவரின் அட்டைக்குப் பச்சை விளக்கு.
இவருடையதற்குச் சிவப்பு.
அதற்குள் அவர் படியேறிப் போய்விட்டார்,
இருநூற்று எண்பத்தேழு படி,
திரும்பிப் பார்க்காமல்.

கணினியைப் பார்த்தேன்.
முந்தாநாள் டிராமில்
அட்டையை முதலில் நீட்டியவர் இவர்,
நாலு மணி எட்டு நிமிடத்துக்கு.
கணவர் பையைத் துழாவி, கிடைக்காமல், சில்லறை கொடுத்து,
ஏழு மணிக்குப் படகில்தான்
தன்னுடையதைத் தொடங்கியிருக்கிறார்.
இப்போது அங்கே நாலு பத்து.
இங்கே ஏழு நாற்பது.

மன்னிக்கவும் அம்மா,
நேரம் முதல் ஸ்கேனிலிருந்து.

அவர் சண்டை போடவில்லை.
எனக்கு அதுதான் சங்கடம்.
சண்டைக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்,
பக்கம் பதினொன்று.
"மேலேயிருந்து என்ன தெரியும்?" என்றார்.

சிவப்பு ஓட்டுக் கூரைகள், என்றேன்.
ஆறு வளையும் இடம். ஏழு பாலங்கள்.
பயிற்சித் தாள் அத்தோடு முடிந்தது.
அவர் வைக்கவில்லை. மூச்சு கேட்டது.
என் ஜன்னலில் சேர்வராயன் மலை
இருட்டோடு இருட்டாக,
கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே ஒரு பஸ் விளக்கு
தோன்றி, தொலைந்து, மறுபடி தோன்றி.

தூரத்தில் ஒரு வெள்ளைக் கரடு, என்றேன்.
வெட்டி வெட்டி எடுத்த மிச்சம்.
வெயில் பட்டால் கண் கூசும்.
ஒரு ரயில் அதன் ஓரமாகப் போகும்,
அவ்வளவு உயரத்திலிருந்து நகர்வதே தெரியாது.

"அழகாக இருக்குமா?"

அப்படிச் சொல்ல முடியாது.
ஆனால் கண் அங்கேதான் போகும்.

இருபத்திரண்டு நிமிடம். அனுமதி ஆறு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரணிதரன்
வாட்ச் இல்லாத மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

பிறகு காலடிச் சத்தம், ஓர் ஆணின் இரைப்பு.
மோரின் கேட்டார், என்னிடமல்ல:
அந்த வெள்ளைக் குன்றைப் பார்த்தாயா?

கொஞ்சம் காற்று மட்டும் கேட்டது.

"பார்த்தேன்" என்றது அந்தக் குரல்.
"நினைத்ததைவிடச் சின்னது."

இணைப்பு போயிற்று.
நட்சத்திரம் வரவில்லை. புகாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு பஸ்ஸில் ஏறினேன்.
எட்டாம் வகுப்பில் ஒரு முறை போனதுதான்.
அன்று இருபது வளைவிலும் வாந்தி,
மேலே போய் டீச்சர் மடியில் தூங்கிவிட்டேன்.
வெள்ளைக் கரடும் ரயிலும்
நஸீமா பானு இறங்கும்போது சொன்னது.

லேடீஸ் சீட்டில் மூடுபனி விலகுவதாக இல்லை.
தொலைநோக்கி வைத்திருந்த பையன்
மூணு நிமிஷம் பத்து ரூபாய் என்றான்.
எப்போதிலிருந்து மூணு நிமிஷம், என்று கேட்டேன்.
ஒரு மாதிரி பார்த்தான்.
"கண்ண வெச்சதுல இருந்துங்க்கா."

காசைக் கொடுத்துவிட்டு
கொஞ்ச நேரம்
பக்கத்தில் சும்மா நின்றேன்.