குறுக்கே போகிறவர்கள், ஒரு மணி நேரத்துக்கு

சோஹார். துறைமுகத்துக்குப் போகும் எட்டு வழிச் சாலை.
மாலை ஐந்து முதல் ஆறு.
இந்தப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு.
அந்தப் பக்கம் ரொட்டிக்கடை, ரீசார்ஜ், முடிவெட்டு,
ஊருக்குப் பணம் அனுப்பும் கடை.
என் கட்டைவிரலுக்கடியில் எண்ணும் பொத்தான்.
ஓர் ஆள் குறுக்கே ஓடினால் ஒரு சொடுக்கு.

நடைமேம்பாலம் கட்டலாமா என்று
மஸ்கட்டில் யோசிக்கிறார்கள்.
கட்டினால் என்ன மிஞ்சும் என்று
எங்கள் கம்பெனியைக் கேட்டிருக்கிறார்கள்.

செலவு சுலபம்.
இரும்பு, சிமெண்ட், மின்தூக்கி, மின்தூக்கிக்குள் ஏசி,
எல்லாம் தன் விலையைத் தானே சொல்லிவிடும்.
வரவுதான் தகராறு.
நடக்காமல் போகப்போகும் சாவுகளுக்கு
எந்தக் கடையில் விலை கேட்பது?

ஜிஜுவிடம் அதற்கும் ஓர் எண் இருந்தது, எட்டாம் பத்தியில்.
நேரத்துக்கும் இருந்தது.
நடப்பவனின் ஒரு மணி:
மாதம் நூற்றிருபது ரியாலை
இருநூற்றெட்டு மணியால் வகுத்து
ஐந்நூற்று எழுபத்தேழு பைசா.
காரில் போகிறவரின் ஒரு மணி: ஆறு ரியால்.
பாலத்துக்குப் பதில் சிக்னல் வைத்தால்
ஒவ்வொரு காரும் நாற்பது நொடி நிற்கும்.
நாற்பது நொடியைக் கார்களால் பெருக்கினேன்.
சிக்னல் அங்கேயே செத்தது.
பாலத்துக்கு இன்னும் மூச்சிருந்தது.

அப்புறம் தள்ளுபடி வீதம். எட்டு சதவீதம்.
இந்த வருஷம் பிழைப்பவன் முழு ஆள்.
பத்தாம் வருஷம் பிழைக்கப்போகிறவன்
அரை ஆளுக்கும் குறைவு.
இருபத்தைந்தாம் வருஷத்துக்காரன்
ஏழில் ஒரு பங்கு, ஒரு கையும் கொஞ்சம் தோளும்.
ஆடித் தள்ளுபடி தெரியும்.
மனு தள்ளுபடியும் தெரியும்.
இரண்டும் ஒரே சொல்தான் என்று
அன்றைக்குத்தான் உறைத்தது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது.
ஓடுகிறவனும் கணக்குப் பார்க்கத்தான் செய்கிறான்:
சுரங்கப்பாதைக்குச் சுற்றினால் நாற்பது நிமிஷம்,
இரண்டு லாரிகளுக்கு நடுவே நான்கு நொடி.

மூன்றாம் நாள் பெரியண்ணன் என்பவர் நின்றார்,
நாமக்கல் பக்கம், வெல்டிங் உதவியாள்.
"ஏனுங்க, என்ன எண்றீங்க?"
சொன்னேன்.
"எத்தனை தலை சேர்ந்தா பாலம் வருமுங்க?"
அப்படியெல்லாம் நேராகச் சொல்ல முடியாது என்றேன்.
அவருக்கு நேராகத்தான் புரிந்தது.

மறுநாள் வியாழன்.
வந்தார்கள், இருபது பேர், முப்பது பேர்,
வாங்க ஒன்றுமில்லாமல் போனார்கள்,
வாங்காத கையோடு திரும்பினார்கள்,
மறுபடி போனார்கள்.
ஒருவர் நடுத்திட்டில் நின்று என்னைப் பார்த்து
விரலை ஆட்டினார், எண்ணிக்கோ என்று.
தண்ணீர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அழுத்தியபடி கடந்தது.
கை காட்டி நிறுத்தச் சொன்னேன்.
கையாட்டுகிறேன் என்று நினைத்துத் திரும்பக் கையாட்டினார்கள்.
இருநூற்று அறுபது வரவேண்டிய இடத்தில்
அறுநூற்றுப் பதினொன்று.

ஜிஜு தாளைப் பார்த்தார்.
"வியாழன் வழக்கமான நாள் இல்லை. எடுத்துவிடு."
தப்பில்லை. உண்மையாகவே அது வழக்கமான நாள் இல்லை.
எடுத்தேன்.
ஒரு ரியால் போட்டால்
தொள்ளாயிரத்து நாற்பது பைசா திரும்புகிறது.
அறுபது பைசா குறை.
சோஹாரில் அதற்கு ஒரு டீ வராது.

கடைசி நாள் ஆறு மணிக்குப் பிறகு
எனக்கு டீ வேண்டியிருந்தது.
கடை அந்தப் பக்கம்.
எண்ணுகிறவன் எண்ணிக்கையில் சேரமாட்டான்,
பயிற்சித் தாளில் நாலாவது வரி.
இடைவெளி பார்த்தேன். ஒன்று, இரண்டு,
ஓடினேன்.

நடுத்திட்டில் மூச்சு வாங்க நின்றபோது பார்க்கிறேன்,
பொத்தான் கையிலேயே இருக்கிறது.
கட்டைவிரல் எப்போது அழுத்தியது, தெரியவில்லை.
இன்னும் நாலு வழி பாக்கி.