நானுஓயாப் பக்கம் திரும்பாமல்

இருநூறு முடித்த இரவு
பூட்டுக்குள் சாவி போகவில்லை.
விரல்கள் இன்னும் பிரேக்கைப் பிடித்தபடி
வளைந்து கிடந்தன.
பவளராணிதான் உள்ளிருந்து திறந்தாள்.
"மூக்கெல்லாம் மண்" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

அது சித்திரை.
இது ஆடி. தலவாக்கலையில்
காய்ந்த துணி என்று ஒன்று கிடையாது.
முந்நூறுக்குப் பெயர் கொடுக்க
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மின்மானி வாசிப்பது என் வேலை.
லயத்துக்கு லயம், கடைக்குக் கடை,
இந்த மாத எண்ணில் போன மாத எண்ணைக் கழித்தால்
யார் வீட்டில் விடியும்வரை விளக்கு எரிந்ததென்று
சொல்லிவிடுவேன்.
முந்நூறில் இருநூறைக் கழித்துப் பார்க்கிறேன்,
நூறு வருவதில்லை.
ஒரு முழு இரவு வருகிறது,
இறங்கியதையெல்லாம் அதிகாலை மூன்று மணிக்குத்
திரும்ப ஏறவேண்டிய ஹக்கல வருகிறது,
இடது முழங்கால் வருகிறது.

அது புஸல்லாவைக்கு மேல்தான் பேசத் தொடங்கும்.
றம்பொடை வளைவுகள் முழுக்க
அது சொன்னதையே கேட்டுக்கொண்டு ஏறினேன்.
டொக்டர் "எவ்வளவு தூரம்?" என்றார்.
சொன்னேன்.
பேனையை மூடிவிட்டு "எதுக்கு?" என்றார்.
துண்டில் எழுதும்படியான பதில்
என்னிடம் இருக்கவில்லை.

விராஜ் நாவலப்பிட்டியிலிருந்து ஃபோன் எடுக்கிறான்.
"கால் இல்ல மச்சான், வயிறுதான்.
மணிக்கொருக்கா தின்னு.
பசிச்ச பிறகு தின்னா லேட்."
போன வருஷம் வெலிமடை பஸ் தரிப்பில்
தலைக்கவசத்தோடு தூங்கிப்போனதை
அவன் சொல்வதில்லை.

மலையேறுவது எனக்குப் பிரச்சினை இல்லை.
நுவரெலியாச் சந்திதான்.
வலப்பக்கம் நானுஓயா,
இறக்கம், வீடு, சுடுதண்ணீர்.
எல்லாம் தெரிந்தும்
இரவு ஒன்பது மணிக்கு,
வீட்டுக்குப் போகும் பாதையை
நன்றாகப் பார்த்துவிட்டு
நேரே போகவேண்டும்.

போன சனி யாருக்கும் சொல்லாமல்
அந்தச் சந்திமட்டும் போனேன்.
மழையங்கிக்குள் நின்று
மாலுபாண் ஒன்றைத் தின்றேன்.
நனைந்த குதிரையை நடத்திப்போன ஒருவன்
"லைட் மங்குது அண்ணே" என்றான்.
சீதாஎலியக் கோயில் வரைக்கும்
சும்மா போய்ப் பார்ப்போமே என்று போனேன்.
கோயிலும் கடந்து கொஞ்சத் தூரத்தில்
கத்தரித்த மாதிரி மழை நின்றது.
ரோடு காய்ந்திருந்தது.
கீழேயிருந்து கச்சான் முகத்தில் அடித்தது.
தூரத்தில், ஊவா முழுக்கப் புள்ளி புள்ளியாய் வெளிச்சம்.
எல்லாம் யூனிட்டுகள்.
என் பகுதி அல்ல,
வேறு யாரோ வாசிக்கும் மானிகள்.
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ,
வியர்வை முதுகில் குளிர்ந்துபோனது.

திரும்பி ஏறும்போது
முழங்கால் ஒன்றுமே சொல்லவில்லை.
அதை நான் நம்பவுமில்லை.

திங்கள் பின்னேரம் நிஸ்தார் நானா கடையில்
விளக்குக்கு இன்னொரு பற்றறி.
"ஒண்டு இருக்கே?"
"கிடக்கட்டும்" என்றேன்.
வாங்கியதால் போகிறேன் என்று அர்த்தமில்லை.
அதைத்தான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரவு அது ஃபோனுக்குப் பக்கத்தில்
சிவப்பாய் மினுங்கிக்கொண்டு சார்ஜ் ஏறுகிறது.
பவளராணி பார்த்தாள்,
பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்,
கையைத் துடைத்தாள்.
"வாற ஞாயிறு
கோழி வாங்கவா, வேணாமா?"

"வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றேன்.
"அரைக் கோழி எண்டா
இப்பவே சொல்லு" என்றாள்.