இடது தந்தத்தில் ஒரு பள்ளம்

பாய் என்றுதான் சொல்கிறார்கள் அங்கேயும்,
காங்கோவின் வடக்கே, பெருங்காட்டின் நடுவில்
மரமில்லாமல் கிடக்கும் சேற்றுவெளியை.
அவர்கள் மொழியில் அது வேறு சொல்.
எனக்குத் தெரிவதோ
யானைகள் வந்து உட்காரட்டும் என்று
யாரோ உதறி விரித்துப்போட்ட பாய்.

ஓடெட் எலெங்கா அதன் ஓரத்துப் பரணில்
இருபத்திரண்டு வருடம் இருந்தாள்.
வேலை, காது வரைவது.
எந்தக் காதில் எங்கே கிழிசல், எந்த மடலில் ஓட்டை,
வால் நுனியில் மயிர் உண்டா, உதிர்ந்ததா.
கண்ணோரத்து ஈரத்தைக் குடிக்க மொய்க்கும்
கொட்டத் தெரியாத சிறு தேனீக்களை
ஒரு கை ஓட்டும், மறு கையில் பென்சில்.
மழைக்காலத்தில் நோட்டுகள் பூஞ்சை பூத்துவிடும்.
மலேரியா ஏழு முறை.
கணவன் ஒரே ஒரு தடவை வந்தான். மூன்று நாள் தங்கினான்.
"சாணத்தையா அளக்கிறாய்?" என்றான்.
"ஆமாம், பருமனில் வயது தெரியும்" என்றாள்.
அவன் படகேறிப் போனது ஒரு வியாழக்கிழமை.
அன்றைய பக்கத்தில் பத்தொன்பது யானைகள்.

இருநூற்றுப் பதினான்கு, ஒரு பிடி.
(அங்கே பிடிக்கும் தந்தம் உண்டு.
களிறுக்கு வரும் சாவு பிடிக்கும் வரும்.)
வலது காதில் வாய்க்கால் வெட்டினாற்போல் ஒரு பிளவு.
இடது தந்தத்தில், நுனிக்கு நாலு விரல் மேலே
கயிறு அறுத்த கிணற்றுக் கல்லைப்போல ஒரு பள்ளம்:
வாழ்நாளெல்லாம் வேர்களை
அதே இடத்தில் வைத்து இழுத்தது.
"இடக்கைக்காரி" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்,
அறிக்கையில் சேர்க்கவில்லை.

வெஸ்ஸோ நீதிமன்றத்தில் மின்விசிறி ஓடவில்லை.
மேசைமேல் இரண்டு தந்தங்கள்,
சிவப்புப் பெயிண்டில் சான்று எண்.
பெஞ்சில், செருப்பில்லாமல், மொபுங்கா.
அவள் பரணைக் கட்டியவன்.
பலகை போதாமல் ஏணியின் எட்டாம் படியை
அரை அடி குறைத்து அடித்துவிட்டு
"அடுத்த முறை மாற்றித் தருகிறேன்" என்றவன்.
நிதி நின்றுபோன வருடம்
ஐந்து வழிகாட்டிகளை வீட்டுக்கு அனுப்பினாள்.
அந்தப் பட்டியலும் அவள் கையெழுத்துதான்.
நாலாவது பெயர் அவன்.

"காடு நிறைய யானை, அம்மணி" என்றார் வக்கீல்.
"இது இன்னாருடைய பல் என்று எப்படிச் சொல்வீர்கள்?"

நோட்டைத் திறந்தாள்.
பதினாறு வருடத்துப் படங்கள்,
பக்கத்துக்குப் பக்கம் பள்ளம் ஆழமாகிக்கொண்டே வந்தது.
பிறகு, யாரும் கேட்காமலே,
கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள்.
கச்சிதமாக உட்கார்ந்தது.
உயிரோடிருந்த நாளில்
நாற்பது மீட்டருக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை.

"தெரியும்" என்றாள்.

மொபுங்கா நிமிரவில்லை.
துப்பாக்கி அவனுடையதில்லை. தோட்டாவும் இல்லை.
தந்தவர் பெயரை நீதிபதி கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை,
வாசலில் மரவள்ளி விற்றவளுக்குக்கூடத் தெரிந்த பெயர்.
"அதையும் கேளுங்கள்" என்று வாயெடுத்தாள் ஓடெட்.
"சாட்சி இறங்கலாம்" என்றது நீதிமன்றம்.
அவனுக்கு இரண்டு வருடம்.
தந்தங்களுக்கு ஒரு இரும்பு அலமாரி.

ஆற்றில் ஒன்றரை நாள், நடையில் அரை நாள்.
பரணில் ஏறுகிறாள். ஏழு.
எட்டில் கால் தானாகவே ஓரம் ஒதுங்குகிறது.
இத்தனை வருடம் ஒதுங்கிப் பழகிய கால்.

மாலையில் காட்டின் விளிம்பு அசைகிறது.
வேறொரு குடும்பத்தின் பின்னால்,
சேர்ந்தும் சேராமலும்,
இருநூற்றுப் பதினான்கின் நாலு வயதுக் கன்று.
தாய் தோண்டிய குழிக்கு நேராக வந்து
முழங்கால் மடித்துத் துதிக்கையைத் தோள்வரை இறக்குகிறது.
மேலே குமிழிகள்.

புதிய பக்கம் எடுக்கிறாள்.
வலது காது வரைகிறாள், இடது காது வரைகிறாள்.
கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை,
இரண்டும் முழுசாக இருக்கின்றன.
அடையாளம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று
தேனீக்களை ஓட்டிக்கொண்டே யோசிக்கிறாள்.