மூன்றாவது பொத்தான்

மேலே உள்ளது உன் இஷ்டம்.
நடுவில் உள்ளது கட்டாயம்.
கீழே உள்ளதை மட்டும் தொடாதே.
எழுந்தால் போடு, உட்கார்ந்தால் அவிழ்.
படுத்தால் என்ன செய்வதென்று
எந்தத் தையற்காரரும் சொல்லிவைக்கவில்லை.

அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்,
திரியெஸ்தே நகரில், மீன் சந்தைக்குப் பின்புறம்,
ஃபுர்லான் இறுதிச் சடங்கு நிலையம்.
சூட்டின் முதுகைக் கத்தரியால் பிளந்து
இரண்டு பாதியாகக் கைகளில் நுழைத்து
ஓரங்களை அடியில் செருகிவிடுவோம்.
முன்னாலிருந்து பார்த்தால் மாப்பிள்ளை.
நடுப்பொத்தான் மட்டும், அது முதலாளியின் சட்டம்.
"எழுந்து நின்று வரவேற்கிற மாதிரி இருக்கணும்" என்பார்.

ஒத்தாவியோ பெர்தோட், எழுபத்தெட்டு,
துறைமுகத்தில் காப்பி மூட்டைகளுக்கு எடை எழுதியவர்.
சாம்பல் நிறம், மூன்று பொத்தான்,
உள்பையில் நாலாக மடித்த மருந்துச் சீட்டு.
காஜாக்களைப் பார்ப்பது என் வழக்கம்.
யார் சூட்டிலும் கடைசிக் காஜா
வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும்.
இவருடையதில் அதுதான் தேய்ந்து வாய் பிளந்திருந்தது.
பொத்தான் பச்சை நூலில் தைத்தது,
அறுந்து அறுந்து சலித்துப்போன யாரோ
கோபத்தோடு தைத்த மாதிரி.

மனைவி நெரினா கைப்பையைத் தரையில் வைத்தார்.
"மூன்றையும் போடுங்கள்."
முதலாளி தொண்டையைச் செருமினார்,
"அம்மா, அது முறையில்லை."
"போரா" என்றார் அவர்.

இந்த ஊர்க் காற்றின் பெயர் அது.
மேட்டிலிருந்து அது இறங்கும் நாட்களில்
பிடித்து நடக்கத் தெருவோரம் கயிறு கட்டுவார்கள்.

"கல்யாணத்தன்று தேவாலயப் படியில்
இவர் கோட்டு பறந்து என் முகத்தில் அறைந்தது.
ஆல்பத்தில் பாருங்கள், மணப்பெண் இருக்கமாட்டாள்,
கோட்டுதான் இருக்கும்.
அன்றைக்குப் போட்டவர்தான்."

அந்த நேரம் பார்த்து முதலாளிக்குத் தொலைபேசி வந்தது.
வரவில்லை. வந்தது என்று போய்விட்டார்.
நான் போட்டேன்.
வயிற்றருகே துணி இழுத்துக்கொண்டு
பெருக்கல் குறி விழுந்தது.

மாலையில் மிலானிலிருந்து மகன் துல்லியோ.
இரண்டு பொத்தான், இடுப்பைப் பிடித்த நீலம்,
உட்காருமுன் ஒற்றை விரலால் அவிழ்க்கத் தெரிந்தவன்.
குனிந்து அப்பாவை முத்தமிட்டான்,
முத்தமிட்டபடியே மூன்றாவதை அவிழ்த்தான்.
நெரினா எழுந்து போட்டார்.
காப்பி வந்தது.
அவன் அவிழ்த்தான்.
பூவின் விலை, பாதிரியாரை அழைத்துவர ஒரு கார்,
அத்தையின் முழங்கால்,
இவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூடியை வைத்தபோது அது எப்படி இருந்தது?
நான் கவனிக்கவில்லை.
கவனித்தேன். சொல்லமாட்டேன்.

வெளியே குப்பைத்தொட்டி ஒன்று
எங்களுக்கு முன்னால் ஊர்வலம் போனது.
பெட்டியின் இடது மூலை துல்லியோவின் தோளில்.
டை காதைத் தாண்டிப் பின்னால் பறந்தது.
மேல்பொத்தான் தாங்கிக்கொண்டது,
அதற்குக் கீழே கோட்டு
வலையில் விழுந்த மீனாக அடித்துக்கொண்டது.
ஒரு கை பெட்டிக்கு. மறு கை
கீழ்ப்பொத்தானைப் பிடித்துக்கொண்டு
எதிர்ப்பக்கம் தடவித் தடவித் தேடியது.
காஜா இருந்தது.
கடைக்காரன் அதை வெட்டித் திறக்கவே இல்லை,
அழகுக்கு நூல் மட்டும் ஓட்டியிருந்தான்.

நெரினா கயிற்றைப் பிடித்தபடி
எங்களைக் கடந்து முன்னால் நடந்தார்.